டெல்லிக்கு 2.45 மணி நேரம்... ஏர்போர்ட்டுக்கு 2.30 மணி நேரம்! - ஓசூர்க்காரர்களின் விமானக் கணக்கு என்ன?

பெங்களூரு - டெல்லி விமானப் பயணம் எவ்வளவு நேரம் என்று செல்போனில் தேடினால், ஒரு நொடியில் பதில் வந்துவிடும்: சுமார் 1,700 கி.மீ., ஏறத்தாழ 2 மணி 45 நிமிடம். ஆனால், ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் குடியிருக்கும் ஒருவருக்கு இந்தப் பதில் பாதிக்கணக்குதான். அவர் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பி, டெல்லியில் போக வேண்டிய இடத்தைச் சேர 8 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதில் விமானத்துக்குள் இருப்பது மூன்றில் ஒரு பங்குதான்.

“ஒங்களுக்கென்னப்பா, பக்கத்துலயே பெங்களூரு ஏர்போர்ட்” என்று வெளியூர் உறவினர்கள் சொல்வதும், “பக்கந்தான், வந்து பாருங்க” என்று ஓசூர்க்காரர்கள் சிரிப்பதும் புதிதல்ல. இரண்டு ஊர்களுக்கு இடையிலான விமானத் தூரம் எப்படி அளக்கப்படுகிறது? டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்குள் என்னென்ன அடங்கும்? ஓசூர் விமான நிலையத்தைத் தடுத்து நிறுத்தியிருக்கும் ‘150 கி.மீ.’ விதிக்கும் இதற்கும் என்ன தொடர்பு? பார்க்கலாம்.

விமானத் தூரம் என்பது எந்தத் தூரம்?

சாலைத் தூரம் என்றால் எல்லோருக்கும் தெரியும். விமானத் தூரம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது, பூமி உருண்டையின் மேற்பரப்பில் இரு இடங்களை இணைக்கும் மிகக் குறுகிய பாதையின் நீளம். ஒரு பந்தின் மேல் இரண்டு புள்ளிகளை வைத்து, நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் நூல் எந்த வழியில் படியுமோ, அதுதான் அந்தப் பாதை. ‘பெருவட்டப் பாதை’ என்று இதைச் சொல்வார்கள்.

சுவரில் மாட்டும் வரைபடம் தட்டையாக இருப்பதால், தொலைதூரப் பயணங்களில் இந்தப் பாதை வளைந்து செல்வதுபோலத் தெரியும். பெங்களூரு - சான்பிரான்சிஸ்கோ இதற்கு நல்ல உதாரணம். வரைபடத்தில் பார்த்தால் கிழக்கே பசிபிக் பெருங்கடல் வழியாகவோ, மேற்கே ஐரோப்பா வழியாகவோதான் போக வேண்டும் என்று தோன்றும். ஆனால், உண்மையான குறுக்குவழி வட துருவத்தை ஒட்டிச் செல்கிறது. இரு நகரங்களுக்கும் நேர்தூரம் 13,993 கி.மீ. கிட்டத்தட்ட உலகத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால், ஜனவரி மாதத்தில் இரண்டுக்கும் 13.30 மணி நேர வித்தியாசம்.

2021 ஜனவரியில் ஏர் இந்தியா இந்தத் தடத்தில் நேரடிச் சேவையைத் தொடங்கியபோது, கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகளே இயக்கிய விமானம் வட துருவத்தின் மேல் பறந்து பெங்களூரு வந்து சேர்ந்தது. பயண நேரம் சுமார் 17 மணி. காற்றையும் பாதையையும் பொறுத்து, இந்தத் தடத்தில் விமானம் உண்மையில் பறக்கும் தூரம் 16,000 கி.மீ. வரை போகலாம் என்று அப்போது சொல்லப்பட்டது. அதாவது, வரைபடத்தில் அளக்கும் தூரம் வேறு, விமானம் பறக்கும் தூரம் வேறு.

ஏன் நேராகப் பறப்பதில்லை?

வானத்திலும் ‘சாலை’கள் உண்டு. விமானங்கள் வகுக்கப்பட்ட வான்வழித் தடங்களில், கட்டுப்பாட்டு அறை சொல்லும் உயரத்தில்தான் போக வேண்டும். ராணுவத்துக்கு ஒதுக்கப்பட்ட வான்பகுதி, மோசமான வானிலை, மூடப்பட்ட வெளிநாட்டு வான்வெளி ஆகியவற்றைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது, டெல்லியிலிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்ற இந்திய விமானங்கள் சுற்றுப்பாதையில் போக நேர்ந்தது. ஊர்களுக்கு இடையிலான தூரம் ஒரு கி.மீ. கூட மாறவில்லை. பயண நேரம் மட்டும் கூடிவிட்டது.

காற்றும் ஒரு காரணம். பூமியின் நடு அட்சரேகைப் பகுதிகளில், 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமான காற்றோட்டம் இருக்கிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்று அழைக்கப்படும் இது, எதிர்த்துப் போகும் விமானத்தை இழுத்துப் பிடிக்கும். கூடவே வரும் விமானத்தைத் தள்ளிவிடும். பெங்களூருவிலிருந்து ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் சுமார் 7,400 கி.மீ. போகும்போது பத்து மணி நேரத்தை ஒட்டி ஆகும். திரும்பும்போது ஏறத்தாழ ஒரு மணி நேரம் மிச்சமாகும். அதே தூரம், அதே ரக விமானம், ஆனால் வேறு நேரம்.

டிக்கெட்டில் உள்ள நேரம் பறக்கும் நேரமா?

முழுக்க இல்லை. பயணிகள் ஜெட் விமானங்கள் மேலே நிலைத்துப் பறக்கும்போது மணிக்கு 800 கி.மீ.க்கு மேல் செல்லும். அந்தக் கணக்கில் டெல்லிக்கு 2 மணி நேரம் போதும். ஆனால், டிக்கெட்டில் 2.45 என்று இருக்கிறது. மீதி எங்கே போனது?

டிக்கெட்டில் இருப்பது ‘பிளாக் டைம்’. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகரும் நொடியில் இருந்து, இறங்கிய ஊரில் நிறுத்துமிடத்தில் போய் நிற்கும் நொடி வரையிலான நேரம் இது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, மேலே ஏறுவது, இறங்குவதற்கு முன் வட்டமடிப்பது எல்லாம் இதற்குள் அடக்கம். ஏறுவதும் இறங்குவதும் குறைந்த வேகத்தில்தான்.

தூரம் குறையக் குறைய இந்த ‘அதிகப்படி’ நேரம் பெரிதாகத் தெரியும். பெங்களூரு - சென்னை விமானத் தூரம் 270 கி.மீ.க்குள்தான். முழு வேகத்தில் பறந்தால் 20 நிமிடம். ஆனால், டிக்கெட்டில் ஒரு மணி நேரம் போட்டிருக்கும். விமானம் முழு உயரத்துக்குப் போய் நிதானிப்பதற்குள் இறங்கத் தொடங்கிவிடும்.

மூக்கண்டப்பள்ளியிலிருந்து கணக்குப் போட்டால்?

மூக்கண்டப்பள்ளி, சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டி, பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் இருக்கும் பகுதி. சற்றுத் தூரத்தில் ஜூஜூவாடி, அதைத் தாண்டினால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி. இங்கிருந்து தேவனஹள்ளியில் உள்ள கெம்பேகவுடா சர்வதேச விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் 50 கி.மீ.தான். சாலையில் சுமார் 75 கி.மீ. ஏனென்றால், விமான நிலையம் பெங்களூருவின் வடகோடியில் இருக்கிறது. ஓசூரோ தென்கோடிக்கு வெளியே. நடுவில் மொத்தப் பெங்களூருவும் படுத்திருக்கிறது.

எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு, வெளிவட்டச் சாலை, ஹெப்பால் என்று போகலாம். அல்லது அத்திப்பள்ளியில் திரும்பி சர்ஜாப்பூர், ஒயிட்ஃபீல்டு, புதிகெரே வழியாகப் போகலாம். நள்ளிரவில் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். காலையிலும் மாலையிலும் நெரிசல் நேரத்தில் இரண்டரை மணி, மூன்று மணி ஆவது சகஜம்.

சென்னையில் ஒருவருக்கு அலுவலக வேலை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காலை 8.30 மணி விமானம். உள்நாட்டு விமானத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய்விடுவது நல்லது என்பதால் 6.30க்கு அங்கே இருக்க வேண்டும். அப்படியென்றால் மூக்கண்டப்பள்ளியில் 4.15க்கு வண்டி ஏற வேண்டும். 9.30க்கு மீனம்பாக்கத்தில் இறங்கி, வெளியே வந்து, தலைமைச் செயலகம் சேரும்போது 10.45 ஆகிவிடும். மொத்தம் ஆறரை மணி நேரம்.

அதே ஆள் அதே 4.15க்கு கிருஷ்ணகிரி, வேலூர் வழியாகக் காரில் போயிருந்தாலும் ஏறத்தாழ அதே நேரத்துக்குச் சென்னை சேர்ந்திருப்பார். “அதுக்கு பஸ்லயே தூங்கிட்டுப் போயிடலாம்” என்று ஓசூர்க்காரர்கள் சொல்வது சிக்கனத்துக்காக மட்டுமல்ல. கணக்கும் அப்படித்தான் வருகிறது.

இதே முறையில் மற்ற ஊர்களுக்கும் போட்டுப் பார்க்கலாம்.

சென்னை: வீட்டிலிருந்து மொத்தம் ஆறரை மணி. விமானத்தில் ஒரு மணி. அதாவது சுமார் 15 சதவீதம்.

டெல்லி: மொத்தம் எட்டே கால் மணி. விமானத்தில் 2.45 மணி. மூன்றில் ஒரு பங்கு.

ஃபிராங்க்ஃபர்ட்: சர்வதேச விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே போக வேண்டும் என்பதையும் சேர்த்தால் மொத்தம் 17 மணி. விமானத்தில் ஏறத்தாழ பத்து மணி. பாதிக்கு மேல்.

சான்பிரான்சிஸ்கோ (நேரடி விமானம் என்றால்): மொத்தம் ஒரு நாள். விமானத்தில் 17 மணி. சுமார் 70 சதவீதம்.

தூரம் கூடக் கூட, வீட்டிலிருந்து விமான நிலையம் போகும் நேரம் பெரிதாகத் தெரியாது. பக்கத்து ஊருக்குப் பறக்கும்போதுதான் அது கழுத்தைப் பிடிக்கும்.

வடமாநிலத் தொழிலாளர்களுக்கு?

சிப்காட்டைச் சுற்றியுள்ள வாடகை வீடுகளில் அசாம், பிஹார், ஜார்க்கண்ட், ஒடிசாவைச் சேர்ந்த தொழிலாளர்கள் ஏராளம். இவர்களின் கணக்கு வேறு மாதிரி. பெங்களூருவிலிருந்து குவாஹாட்டிக்கு ரயிலில் ஏறத்தாழ 3,000 கி.மீ.; இரண்டு நாளுக்கு மேல் ஆகும். விமானத் தூரம் 2,050 கி.மீ.யை ஒட்டி; பறக்கும் நேரம் மூன்று மணியைச் சுற்றி. ராஞ்சி விமானத்தில் சுமார் 1,400 கி.மீ.

இந்தத் தூரங்களில், ஏர்போர்ட் போக மூன்று மணி நேரம் ஆனாலும் விமானமே ஜெயிக்கும். ஒரு வார லீவில் ஊருக்குப் போகும் தொழிலாளிக்கு ரயிலில் போய் வரவே நான்கு நாள்களுக்கு மேல் கரைந்துவிடும். விமானத்தில் அந்த நாள்கள் வீட்டுக்குக் கிடைக்கும். இங்கே முடிவு செய்வது நேரம் அல்ல, டிக்கெட் விலை. அத்துடன், நள்ளிரவில் ஓசூரிலிருந்து தேவனஹள்ளி போகும் டாக்ஸி வாடகை. விமான டிக்கெட்டை மலிவாகப் பிடித்தவர்கள்கூட, அந்த வாடகையைக் கேட்டதும் நான்கு பேராகச் சேர்ந்துதான் கிளம்புகிறார்கள்.

ஓசூருக்கு இந்தத் தூரம் எப்போதிலிருந்து?

2008 மே வரை பெங்களூருவின் பயணிகள் விமான நிலையம் ஹெச்.ஏ.எல். வளாகத்தில்தான் இருந்தது. ஓசூரிலிருந்து சுமார் 40 கி.மீ. தேவனஹள்ளி நிலையம் திறக்கப்பட்டதும் ஹெச்.ஏ.எல்.லில் வழக்கமான பயணிகள் சேவை நிறுத்தப்பட்டது. ஒரே இரவில் ஓசூரின் ஏர்போர்ட் தூரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிட்டது.

அப்படியென்றால் ஓசூரிலேயே விமான நிலையம் அமைக்கலாமே?

ஓடுபாதை ஏற்கெனவே இருக்கிறது. ஓசூரை அடுத்த பெலகொண்டப்பள்ளியில் தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனத்துக்குச் சொந்தமாக 2,100 மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஓடுபாதை உண்டு. 2017இல் மத்திய அரசின் ‘உடான்’ திட்டத்தின் முதல் பட்டியலில் சேலம், நெய்வேலியுடன் ஓசூரும் இடம்பெற்றது. சேலத்தில் விமானம் பறந்தது. ஓசூரில் பறக்கவில்லை.

காரணம், 2004இல் பெங்களூரு விமான நிலைய நிறுவனத்துடன் மத்திய அரசு செய்துகொண்ட சலுகை ஒப்பந்தம். கெம்பேகவுடா நிலையம் திறக்கப்பட்ட நாளிலிருந்து 25 ஆண்டுகளுக்கு, அதாவது 2033 வரை, அதிலிருந்து 150 கி.மீ. வான்வழித் தூரத்துக்குள் புதிய விமான நிலையத்தை அனுமதிப்பதோ, இருப்பதை மேம்படுத்துவதோ கூடாது என்கிறது அது. மைசூருவுக்கும் ஹாசனுக்கும் மட்டும் விலக்கு. பெரிய முதலீடு போட்டுக் கட்டுபவருக்குப் போட்டி வந்துவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு இது.

இங்கே கவனிக்க வேண்டிய சொல், ‘வான்வழித் தூரம்’. அதாவது, நாம் ஆரம்பத்தில் பார்த்த நேர்கோட்டுத் தூரம். பெலகொண்டப்பள்ளி ஓடுபாதை நேர்கோட்டில் சுமார் 60 கி.மீ. எனவே வட்டத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. சேலம் விமான நிலையம் சுமார் 160 கி.மீ. எனவே தப்பித்துவிட்டது. சாலையில் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம், நடுவில் எத்தனை சிக்னல் என்பதெல்லாம் இந்த விதியின் கணக்கில் வராது. பயணிக்கு நேரம்தான் கணக்கு. ஒப்பந்தத்துக்கோ நேர்கோடுதான் கணக்கு.

விதியைத் தளர்த்த வழியே இல்லையா?

இருக்கிறது. ஹைதராபாத் விமான நிலைய ஒப்பந்தத்திலும் இதே 150 கி.மீ. நிபந்தனை உண்டு. அதனால் வாரங்கல் அருகிலுள்ள மாமுனூர் விமான நிலையம் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. ஹைதராபாத் விமான நிலையத்தை நடத்தும் நிறுவனம் ஆட்சேபம் இல்லை என்று ஒப்புக்கொண்டதைத் தொடர்ந்து, 2025இல் மத்திய அரசு அதற்கு அனுமதி கொடுத்தது. ஒப்பந்தத்தின் மறுதரப்பு சம்மதித்தால் கதவு திறக்கும் என்பதற்கு இது முன்னுதாரணம். ஆனால், ஒரு சிறிய நிலையத்துக்குச் சம்மதிப்பதும், தனக்குப் போட்டியாக வரக்கூடிய பெரிய நிலையத்துக்குச் சம்மதிப்பதும் ஒன்றல்ல.

தமிழ்நாடு அரசு என்ன அறிவித்தது?

2024 ஜூன் 27 அன்று சட்டப்பேரவையில் விதி 110இன்கீழ், ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் சர்வதேச விமான நிலையம் அமைக்கப்படும் என்று முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். விமான நிலையம் கட்டி முடிக்கப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், இப்போது தொடங்கினால் 2033ஐ ஒட்டித் தயாராகிவிடும் என்று ஒரு தரப்பு வாதிடுகிறது. கர்நாடக அரசும் பெங்களூருவுக்கு இரண்டாவது விமான நிலையம் அமைக்க இடம் பார்த்துவருகிறது. பெங்களூருவைச் சுற்றி ஹெச்.ஏ.எல்., எலஹங்கா விமானப்படைத் தளம் ஆகியவற்றின் வான்பகுதிகளும் இருப்பதால், நிலம் கிடைத்தால் மட்டும் போதாது. வானத்திலும் இடம் கிடைக்க வேண்டும்.

நிலம் என்ற விஷயமும் சிறியதல்ல. ஓசூர் சுற்றுவட்டாரம் ரோஜாவுக்கும் காய்கறிக்கும் பெயர்போனது. வெளிநாடு போகும் ரோஜாவுக்கும் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்; குளிரூட்டிய வண்டியில் அதுவும் பெங்களூரு நெரிசலைக் கடந்துதான் விமானம் ஏறுகிறது. பக்கத்தில் விமான நிலையம் வந்தால் ஏற்றுமதியாளருக்கு லாபம். ஆனால், அந்த 2,000 ஏக்கர் யாருடைய தோட்டமாக இருக்கும் என்பதுதான் விவசாயியின் கேள்வி. பயணியின் இரண்டு மணி நேரத்தை மிச்சப்படுத்த யார் எதைக் கொடுக்கப் போகிறார்கள் என்பதற்குப் பதில் சொல்லாமல் இந்தத் திட்டம் நகராது.

அதுவரை என்ன வழி?

ஒன்று, மெட்ரோ. பெங்களூருவின் ஆர்.வி. ரோடு - பொம்மசந்திரா மஞ்சள் தடம் 2025 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்டது. மூக்கண்டப்பள்ளியிலிருந்து பொம்மசந்திரா 15 கி.மீ.க்கு மேல். சில்க் போர்டிலிருந்து விமான நிலையத்துக்கு நீலத் தடம் கட்டப்பட்டு வருகிறது. அது முடிந்தால், பொம்மசந்திராவில் ஏறி சில்க் போர்டில் மாறி, நெரிசலில் சிக்காமல் விமான நிலையம் போகலாம். நேரம் பெரிதாகக் குறையாவிட்டாலும், எவ்வளவு நேரம் ஆகும் என்பது நிச்சயமாகத் தெரியும். அதுவே பெரிய விஷயம். ஏனென்றால், 75 கி.மீ. என்பதைவிட, அது இரண்டு மணியா மூன்றரை மணியா என்று தெரியாததுதான் பயணியை நள்ளிரவிலேயே கிளம்ப வைக்கிறது. மஞ்சள் தடத்தை ஓசூர் வரை நீட்டிப்பது குறித்தும் பேசப்பட்டுவருகிறது.

இரண்டு, சேலம். 2023 அக்டோபரில் அங்கே விமான சேவை மீண்டும் தொடங்கியது. ஓசூரிலிருந்து சாலையில் 150 கி.மீ.க்குள். தூரம் இரு மடங்கு என்றாலும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால், சேவைகள் குறைவு என்பதால் நேரம் பொருந்தினால்தான் பயன்.

மூன்று, ரயில். கோவை - பெங்களூரு வந்தே பாரத் 2023 டிசம்பர் முதல் ஓசூரில் நின்று செல்கிறது. தருமபுரி, சேலம், ஈரோடு, திருப்பூர், கோவை போகிறவர்கள் விமானத்தைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை. சென்னைக்கு அந்த வசதி இல்லை; பெங்களூரு - சென்னை முக்கிய ரயில் பாதை பங்காரப்பேட்டை, ஜோலார்பேட்டை வழியாக ஓசூரைத் தொடாமலே போகிறது.

அடுத்த முறை டிக்கெட் போடும்போது, திரையில் தெரியும் ‘1 மணி நேரம்’, ‘2.45 மணி நேரம்’ என்பதோடு, வீட்டிலிருந்து விமான நிலையம், அங்கே காத்திருப்பு, இறங்கிய பின் போகும் தூரம் ஆகிய மூன்றையும் கூட்டிப் பாருங்கள். மொத்தம் ஆறு, ஏழு மணி நேரத்துக்குள் சாலையிலோ ரயிலிலோ போக முடிகிற ஊர் என்றால், மூக்கண்டப்பள்ளியிலிருந்து விமானம் ஏறுவதில் நேர லாபம் இல்லை. அதற்கு மேல் என்றால், அலாரத்தை நாலு மணிக்கு வைத்துவிட்டுத் தூங்க வேண்டியதுதான்.